நியோன் வெளிச்சத்தை முதன்முதல் எங்கே பார்த்தீர்கள்? வன்னிக்காரர் சொல்லுங்கள்

கிளிநொச்சியிலிருந்து:
கரண்ட் இல்லாத காலத்தில் வளர்ந்தவன் நான். வீட்டில் குப்பி விளக்கு, கடையில் பெற்றோமாக்ஸ். ரேடியோவில் பாட்டுக் கேட்க சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றுவோம். 2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு மாமாவோடு கொழும்புக்குப் போனபோதுதான் நியோன் எழுத்தைப் பார்த்தேன். காலி வீதியில் ஒரு சாப்பாட்டுக் கடை, சிவப்பு எழுத்து. மாமா கையைப் பிடித்து இழுத்தும் நான் நகரவில்லை. பலகைக்கு வெளிச்சம் அடித்திருக்கவில்லை, எழுத்தே வெளிச்சமாக நின்றது. கிட்டப் போய்ப் பார்த்தால் எழுத்துக்கு எழுத்து தனி ரியூப்பும் இல்லை. ஒரே கண்ணாடிக் குழாயை வளைத்து வளைத்து முழுச் சொல்லையும் எழுதி, இடைவெளி வரவேண்டிய இடங்களில் கறுப்புப் பெயின்ற் பூசியிருந்தார்கள். இன்றைக்கும் நியோன் கண்டால் முதலில் அந்தக் கறுப்புத் துண்டுகளைத்தான் தேடுவேன்.

பாரிஸிலிருந்து (ஊர் மாங்குளம்):
அண்ணை, நான் இருக்கும் இந்த ஊரில்தான் அது தொடங்கியது. நியோன் என்ற வாயுவை 1898இல் லண்டனில் ராம்சே, ட்ராவர்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். காற்றைக் குளிரவைத்து ஒட்சிசன் பிரிக்கும் தொழிலில் இருந்த ஜோர்ஜ் குளோட், அதில் மிஞ்சிய நியோனைக் குழாயில் அடைத்து 1910 டிசம்பரில் இங்கே மோட்டார் கண்காட்சியில் எரியவிட்டார். 1912இல் முதல் விளம்பர எழுத்தை வாங்கியது ஒரு முடிவெட்டும் கடை. லா சப்பலில் சலூன் நடத்தும் எனக்கு அதில் தனிப் பெருமை.

குழாய் வளைக்கிற பட்டறை ஒன்றுக்கும் போயிருக்கிறேன். குழாயை நெருப்பில் காட்டி இளக்கி, வாயில் றப்பர்க் குழாயைக் கடித்து மெல்ல ஊதிக்கொண்டே வளைக்கிறார் அந்த மனுசன். ஊதாவிட்டால் வளைவில் கண்ணாடி ஒடுங்கிவிடும். சுணங்கினால் இறுகிவிடும். கீழே விரித்திருந்த தாளில் எழுத்துகள் இடம்வலம் மாறிக் கிடந்தன, முன்பக்கம் மட்டமாக வரவேண்டும் என்பதற்காக. நம்முடைய 'இ', 'ஞ' சுழிகளை இப்படி ஒருவர் வளைத்தால் எவ்வளவு வடிவாக இருக்கும்!

புதுக்குடியிருப்பிலிருந்து:
வயரிங் வேலை செய்கிறேன். இப்போது நம்முடைய பக்கத்தில் நியோன் என்று சொல்லி நான் பூட்டிக் கொடுப்பதெல்லாம் எல்இடி. சிலிக்கோன் பட்டிக்குள் வரிசையாகச் சின்னச் சின்ன விளக்குகள், 12 வோல்ட் போதும். விலை குறைவு, விழுந்தாலும் உடையாது. கடைக்காரர் அதைக் கேட்பதில் பிழையில்லை. ஆனாலும் வாயு எரிகிற அந்தச் செம்மஞ்சள் இதில் வராது.

எல்லா நிறமும் நியோன் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சிவப்பும் செம்மஞ்சளும்தான் நியோன். நீலத்துக்கு ஆகன் வாயுவும் ஒரு துளி பாதரசமும். மற்ற நிறங்கள் பெரும்பாலும் குழாயின் உட்பூச்சால் வருகின்றன.

வவுனியாவில் ஒரு கடையில் பழைய நியோன் பலகையை எறியப் போனார்கள். பார்த்தால் குழாயில் ஒரு குறையும் இல்லை, ட்ரான்ஸ்போமர்தான் செத்துப் போயிருந்தது. மாற்றியதும் பழையபடி எரிந்தது. நல்ல குழாய் பல பத்தாண்டுகள் உழைக்கும். அதனால் எறிய முதல் தெரிந்தவரிடம் காட்டுங்கள். நீங்களே கழற்ற வேண்டாம், உள்ளே ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிறது. பாதரசம் இருக்கிற நீலக் குழாய் உடைந்தால் பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள்.