ஃபோலிகோலஸ்: இலையொட்டியா, இலைவாழ்வியா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

இலையில் வாழும் பூஞ்சையை ஆங்கிலத்தில் 'ஃபோலிகோலஸ் ஃபங்கஸ்' என்பார்கள். மூங்கில் இலைப் பூஞ்சைகளைப் பற்றிப் பேசும்போது அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று நமக்குள் கேள்வி எழுந்தது. நம்மில் ஐயா தந்த 'இலையொட்டிப் பூஞ்சை' சொல்லச் சுகமாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு உடன்பாடில்லை. ஒட்டி என்றதும் பள்ளியில் படித்த ஒட்டுண்ணிதான் நினைவுக்கு வரும். மூங்கில் இலையில் இருப்பதெல்லாம் ஒட்டுண்ணி இல்லையே. மெலியோலா என்ற கரும்பூஞ்சை ஒட்டுண்ணிதான்; உயிருள்ள இலையில்தான் பிழைக்கும், ஆய்வகத் தட்டில் வளராது. ஆனால் சருகில் வருபவை மட்குண்ணிகள், அதாவது இறந்ததைத் தின்பவை. வெளியே ஒரு பொட்டும் காட்டாமல் திசுவுக்குள்ளேயே இருப்பவையும் உண்டு.

கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் எங்கள் வீட்டு வேலியோரம் ஒரு முள்மூங்கில் புதர். மழை ஓய்ந்ததும் இலைகளில் கரி தெறித்த மாதிரி புள்ளிகள் வரும். கைலென்ஸ் வைத்துப் பார்த்தால், அது இலையைத் தின்கிறதா, சும்மா குடியிருக்கிறதா என்று சொல்ல முடியாது. பிளேடால் மெல்லிய சீவல் எடுத்து, லாக்டோஃபீனால் காட்டன் புளூ என்ற நீலச் சாயத்தில் வைத்து, பூஞ்சை வித்தின் (ஸ்போர்) நீள அகலத்தை நுண்ணோக்கியில் மைக்ரோமீட்டர் கணக்கில் அளக்க வேண்டும். டிஎன்ஏவில் ஐடிஎஸ் (ITS) என்ற பகுதியைப் படிக்க வேண்டும். பூஞ்சைகளை இனங்காணும் பார்கோடாக அதை முன்மொழிந்தது 2012இல். அப்புறம் ஏற்கனவே பெயர் பெற்றவற்றோடு ஒப்பிட்டால்தான் இது புதுச் சிற்றினமா என்றே பேசலாம். அவ்வளவும் முடிந்த பிறகும் அது எதைத் தின்று பிழைக்கிறது என்பது தெரியாமல் இருக்கலாம். எங்கே இருந்தது என்பது மட்டும் பறித்த அன்றே தெரியும். அதனால் நம் சொல் இடத்தைச் சொன்னால் போதும். லத்தீனிலும் அப்படித்தான்: 'பேம்புசிகோலா' என்றால் மூங்கிலில் குடியிருப்பது.

அக்கா முன்வைத்த 'இலையுறை பூஞ்சை', அதாவது இலையில் உறையும் பூஞ்சை, எனக்கு மிகவும் பிடித்தது. உறைதல் என்பது நல்ல பழஞ்சொல். ஆனால் மூங்கிலில் இலையுறை என்று ஓர் உறுப்பே இருக்கிறதே! இலையின் அடி தண்டைச் சுற்றிக் கவ்வியிருக்குமே, அதுதான். அந்த உறையில் மட்டும் வரும் பூஞ்சை என்று படிப்பவர் நினைத்துவிடுவார். உறையே இல்லாத செடியைப் பற்றிய பேச்சாக இருந்தால் நானே கையைத் தூக்கியிருப்பேன்.

என் பரிந்துரை 'இலைவாழ் பூஞ்சை'. தனியே சொல்ல 'இலைவாழ்வி'. தவளைக்கு 'இருவாழ்வி' என்று பாடநூலில் இருப்பதால் புதிதாகப் பழக வேண்டியதில்லை. தண்டோ இலையோ, மூங்கிலில் எங்கிருந்தாலும் 'மூங்கில்வாழ் பூஞ்சை'. திசுவுக்குள் இருப்பது 'அகவாழ்வி'.

பூஞ்சையா பூசணமா என்ற கேள்விக்கு: வேளாண் நூல்களில் பூசணம், பள்ளியில் பூஞ்சை. பிள்ளைகளுக்காக நான் பூஞ்சை பக்கம். எங்கள் ஊரில் தமிழ்வழியில் படிக்கிறவர்கள் மலையாளத்தில் பூஞ்சையைக் 'குமிள்' என்று கேட்டுவிட்டு, நீர்க்குமிழி என்று நினைத்துக்கொள்கிறார்கள். பார்த்ததும் பொருள் தெரிகிற சொல் அவர்களுக்கு வேண்டும்.

அடுத்த வாரம் பிள்ளைகளை ஆளுக்கு ஐந்து மூங்கில் இலை காகித உறையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். உறைமேல் ஒட்டும் சீட்டில் 'இலைவாழ்வி' என்றே எழுதப் போகிறோம். மறுப்பு இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.