பேக்கிங் பலகை போட்டோ சட்டம்: மூலை வாய் பிளக்குது, உதவி வேணும்

மாடிவீடு: வணக்கம். பழைய பேக்கிங் பலகையை அறுத்து போட்டோ சட்டம் நாலு செஞ்சேன். 45 டிகிரி வெட்டி ஃபெவிக்கால் போட்டு ஒட்டினேன். ஒரே வாரத்துல மூலை விட்டுடுச்சு. ஞாயித்துக்கிழமை வீட்டுல விசேஷம், அதுக்குள்ள மாட்டணும். வேற எந்தப் பசை வாங்கலாம்? அவசரம்.

மூலைமட்டம்: பசையை அப்புறம் பார்ப்போம். பலகை அகலம் எவ்வளவு? இடைவெளி உள் மூலையிலயா, வெளி மூலையிலயா? நாலு மூலையிலும் இருக்கா, ஒண்ணுல மட்டுமா? ஒட்டும்போதே இருந்துச்சா, பிறகு வந்துச்சா?

ரீப்பர்77: கோணம்தான் தப்பு, வேற எதுவுமில்ல. ஒரு வெட்டுல அரை டிகிரி பிசகினா எட்டு வெட்டுக்கு 4 டிகிரி. அத்தனையும் கடைசி மூலையில வந்து நிக்கும். வெட்டின ரெண்டு துண்டைச் சேர்த்து மூலைமட்டத்துக்குள்ள (90 டிகிரி சரியான்னு பார்க்குற கருவி) வச்சு வெளிச்சத்துல பாருங்க. எதிரெதிர்ப் பக்கத் துண்டு ரெண்டும் ஒரே நீளமான்னும் பாருங்க.

செல்வி பட்டறை: நான் பசை பூசின விதத்தைத்தான் சந்தேகப்படுவேன். 45 டிகிரி வெட்டுல மரத்தோட நார் வாய் திறந்திருக்கும், பசையை உறிஞ்சிடும். முதல்ல கொஞ்சம் தண்ணி கலந்த பசையை ஒரு பூச்சு பூசி 10 நிமிஷம் விடுங்க. அதுக்கு மேல கெட்டிப் பசை. எவ்வளவு நேரம் இறுக்கிக் கட்டி வச்சீங்க?

பழைய உளி: மாசத்துக்கு ரெண்டு தடவை இதே கேள்வி வருது, பழைய இழையைத் தேடிப் படிக்க ஆளில்ல. மூலைமட்டமே கையில இல்லாதவங்க 45 டிகிரியைத் தொடக் கூடாது. ரெண்டு முனையிலயும் கனத்துல பாதியைச் செதுக்கி, ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வைங்க. 18 மி.மீ. கனப் பலகைன்னா ரெண்டுலயும் 9 மி.மீ. கத்தியால கோடு கீறி, கோட்டுக்கு உள்பக்கம் நெருக்கமா நாலஞ்சு அறுப்பு, அப்புறம் உளி. ஒட்டுற பரப்பு அதிகம், அதனால விடாது.

மாடிவீடு: ரெண்டரை இஞ்ச் அகலம். உள் மூலையில, நாலுலயும். ஒட்டினப்ப கச்சிதமா இருந்துச்சு. பலகை மொட்டை மாடியில கிடந்தது. மாட்டியிருக்கிற ஹால்ல ஏசி.

மூலைமட்டம்: மொட்டை மாடியா! இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே. பசைமேல தப்பில்ல, மரம் ஈரம். காயுறப்ப மரம் அகலத்துல சுருங்கும், நீளத்துல அநேகமா சுருங்காது. ரெண்டரை இஞ்ச்ல 3 சதவீதம் சுருங்கினாலே கிட்டத்தட்ட 2 மி.மீ. போயிடும். அப்ப 45 டிகிரி 45-ஆ இருக்காது. வெளிமுனை தொட்டுக்கிட்டே இருக்கும், உள்மூலை திறக்கும். ஈரம் ஏறினா இதுவே தலைகீழ். கோணத் தப்புன்னா ஒட்டின அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அகலம் ஒரு இஞ்ச்னா பாதிக்கு மேல பிரச்சினை குறையும்.

ரீப்பர்77: பலகையில எச்.டி. (HT) முத்திரை இருக்கான்னு பாருங்க. இருந்தா சூட்டுல காய வச்ச மரம், ஈரம் இருக்காது.

மூலைமட்டம்: இல்லைங்க. மரத்தோட நடுப்பகுதி 56 டிகிரி சூட்டுல 30 நிமிஷம் இருந்துச்சுன்னுதான் எச்.டி.க்கு அர்த்தம். அது பூச்சியைக் கொல்ல. உலர்த்தினதுக்கு கே.டி. (KD)ன்னு தனியா இருக்கு. எதுவா இருந்தாலும் மாடியில மழையில நனைஞ்சா மறுபடி ஈரம்தான்.

பழைய உளி: எம்.பி. (MB) முத்திரை இருந்தா தூக்கிப் போடுங்க. மெத்தில் புரோமைடு புகை போட்ட மரம், வீட்டுக்குள்ள ஆகாது.

செல்வி பட்டறை: அது வாயு, புகை போட்டதும் பெரும்பகுதி வெளியேறிடும். எனக்கு அதைவிட, அந்தப் பலகைமேல என்ன சரக்கு ஏத்தினாங்கன்றதுதான் கவலை. எண்ணெய்க் கறை, ரசாயன நெடி இருந்தா தொடவே வேண்டாம்.

பழைய உளி: கறை எல்லார் கண்ணுக்கும் தெரியுமா? முத்திரை தெரியும். புதுசா வர்றவங்களுக்குச் சுலபமான விதிதான் சொல்லணும்.

மூலைமட்டம்: ரெண்டு பேரும் இதுக்குத் தனி இழை போடுங்க. மாடிவீடு, ஒரு வாரம் ஏசியில இருந்ததால உங்க மரம் ஓரளவு காய்ஞ்சிருக்கும். மூலையைப் பிரிச்சு, ஒவ்வொரு முனையிலயும் 2 மி.மீ. புதுசா சீவுங்க. பழைய பசை துளிகூட இருக்கக் கூடாது, காய்ஞ்ச ஃபெவிக்கால்மேல புது ஃபெவிக்கால் பிடிக்காது. எதிரெதிர்ப் பக்கத் துண்டுகளைச் சேர்த்துப் பிடிச்சு ஒரே அளவா சீவுங்க. உள்ளளவு 4 மி.மீ. குறையும், கண்ணாடியை வெட்டணும். செல்வி சொன்னபடி ரெண்டு பூச்சு. சைக்கிள் டியூபை நீளவாட்டுல கீறி நாலு மூலையையும் சுத்தி இழுத்துக் கட்டுங்க. பசை பிடிக்கிறதுக்குள்ள மூலைவிட்டம் ரெண்டும் சமமான்னு அளந்துடுங்க. 24 மணி நேரம் அசைக்காதீங்க. மறுநாள் வெளிமூலையில குறுக்கா ஒரு அறுப்பு போட்டு, வினீர் (மெல்லிசான மரத்தகடு) துண்டைப் பசையோட செருகி, காய்ஞ்சதும் சீவிடுங்க. அந்தத் துண்டுதான் மூலையைப் பிடிக்கும்.

செல்வி பட்டறை: போட்டோ கண்ணாடியில படக் கூடாது, ரெண்டுக்கும் நடுவுல 2 மி.மீ. மவுண்ட் போர்டு (படம் தெரிய நடுவுல வெட்டின கெட்டி அட்டை) வைங்க. பட்டா ஈரத்துல ஒட்டிக்கும், பிரிக்கும்போது மேல்தோல் உரிஞ்சு வரும். மரம் படத்தை மஞ்சளாக்கும், நேரடியா படவிடாதீங்க.

ரீப்பர்77: மீதிப் பலகையில ஒரு துண்டைச் சமையல் தராசுல தினமும் நிறுத்து எழுதுங்க. மூணு நாள் எடை மாறலைன்னா வெட்டலாம். முத்திரை என்னன்னும் சொல்லுங்க.

மாடிவீடு: ரெண்டு சட்டம் ஒரு இஞ்சாக் குறைச்சு டியூப் கட்டிட்டேன், இப்போதைக்கு இடைவெளி இல்ல. மத்த ரெண்டும் ஃபேனுக்குக் கீழ காயுது. நன்றி.

ரீப்பர்77: முத்திரை?