பெரிலியம்-10 மாதிரிகளில் போறன் அதிகம்: எங்கே ஏறுகிறது?

மணல்மேடு: மலைநாட்டு ஆற்றுமணலில் குவார்ட்ஸ் பிரித்து, அதிலுள்ள பெரிலியம்-10ஐ ஏஎம்எஸ் (முடுக்கியால் அணுக்களை நிறைவாரியாகப் பிரித்து எண்ணும் முறை) அளவீட்டுக்கு வெளிநாட்டு முடுக்கி நிலையம் ஒன்றுக்கு அனுப்பினோம். வேதிவேலை முழுக்கக் கொழும்பில். கரியர் (அளவு தெரிந்து நாமே சேர்ப்பது) 0.25 மில்லிகிராம் பெரிலியம்-9. போறன்-10 எக்கச்சக்கம் என்று அறிக்கை, வெற்று மாதிரியிலும் (மணல் இல்லாமல் அதே வேதிவேலை செய்தது) அதே கதை. இரண்டு மாதிரிகளில் பெரிலியம் அயன் கற்றையின் மின்னோட்டமும் குறைவு. ரெசின் கொலத்தில் (அயன்களைப் பிரிக்கும் ரெசின் நிரப்பிய குழாய்) போறன் போய்விடும் அல்லவா? நீரின் மின்தடையை அளக்கும் மீற்றர், மிகத் தூய நீருக்குரிய 18.2 மெகாஓம் செ.மீ. காட்டுகிறது.

ரெசின்காரி: வெற்று மாதிரியிலும் இருந்தால் மணலில் குற்றமில்லை. கொலத்துக்கு முன் வந்த போறன் ஐதான அமிலத்தோடு ஓடிவிடும். உங்களுடையது பெரும்பாலும் கொலத்துக்குப் பின் ஏறியது: அமோனியா, கழுவும் நீர், உலர்த்தும் இடம், புடக்குகை.

18.2ஐ நம்ப வேண்டாம். நீர் சுத்திகரிப்பானின் ரெசின் பெட்டி தேயும்போது முதலில் நழுவுவது போறிக் அமிலம். அது அயனாகப் பிரிவதே அபூர்வம், மீற்றருக்குத் தெரியாது. நீரை ஐசிபி-எம்எஸ்ஸில் (மிக நுண்ணிய அளவிலுள்ள தனிமங்களை அளக்கும் கருவி) பாருங்கள். அமோனியா எந்தப் போத்தலில்?

மணல்மேடு: கண்ணாடிப் போத்தல், அக்கா. அந்த அமோனியாவால் வீழ்படிவாக்கிய பெரிலியம் ஐதரொட்சைட்டுக் கூழை யன்னலோரச் சூடுதட்டில் உலர்த்துகிறோம்.

ரெசின்காரி: இரண்டுமே வினை. காரம் போரோசிலிக்கேட்டை (போறன் கலந்த கண்ணாடி) மெல்ல அரிக்கும்; பிளாஸ்டிக் போத்தலில் வரும் உயர்தூய அமோனியா வாங்குங்கள். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 4.5 மில்லிகிராம் போறன், கடற்காற்றிலும் போறிக் அமிலம் உண்டு. மூடிய பெட்டிக்குள், வடிகட்டிய காற்றில் உலர்த்துங்கள். ஆனால் ஹெப்பா வடிகட்டியின் இழையும் பெரும்பாலும் போரோசிலிக்கேட்தான், குறிப்பாக ஐதரோபுளோரிக் அமில ஆவி பட்டால் போறனைக் கக்கும்! புடக்குகை குவார்ட்ஸாக இருக்கட்டும். பெரிலியம் ஐதரொட்சைட்டைப் பிஎச் 8–9இல் வீழ்த்தி, போறனற்ற நீரில் மூன்று தரம் கழுவுங்கள்.

இவ்வளவு கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. போறன்-10, பெரிலியம்-10 இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நிறை. டிடெக்டருக்கு முன்னுள்ள தகடு போறனை நிறுத்தினாலும், தகட்டிலுள்ள ஐதரசனோடு மோதி பெரிலியம்-7 பிறக்கும். அது உள்ளே போய்ப் பொய் எண்ணிக்கை தரும்.

துலாக்கோல்: மின்னோட்டக் குறைவு வேறு சங்கதி. 0.25 மில்லிகிராம் பெரிலியம் சுட்டபின் 0.69 மில்லிகிராம் ஒட்சைட்டாக வேண்டும். நுண்தராசில் 1.5 வந்தால் அலுமினியமோ டைட்டேனியமோ கலந்திருக்கிறது. கொலத்தில் 0.5 மோலார் சல்பூரிக்குடன் சிறிது ஐதரசன் பரவொட்சைட்டு விடுங்கள். டைட்டேனியம் செம்மஞ்சள் பட்டையாக இறங்குவது கண்ணுக்கே தெரியும். அது தீர்ந்தபின் 1.2 மோலார் ஐதரோகுளோரிக்கில் பெரிலியம் வரும், அலுமினியம் பின்தங்கும். எடை குறைவென்றால் கூழ் குழாய்ச் சுவரில் ஒட்டியிருக்கும்.

மணல்மேடு: கொலத்துக்குப் பிந்திய கரைசலில் பாதி மீதமுண்டு. பயன்படுமா?

துலாக்கோல்: தாராளமாக. கரியர் கலந்தபின் எவ்வளவு சிந்தினாலும் பெரிலியம்-10/பெரிலியம்-9 விகிதம் மாறாது. புது அமோனியாவில், வெற்று மாதிரியோடு சேர்த்தே வீழ்த்துங்கள். சுட்ட ஒட்சைட்டைத் திரும்பக் கரைக்கப் போகாதீர்கள்: இலேசில் கரையாது, தூள் மூச்சில் போனால் நுரையீரலுக்கு நஞ்சு.