கோபியில் கிஃப்ட் பேக்கிங் கடை போட்டால் ஓடுமா?

பச்சைமலைக்காரன்

கோபிச்செட்டிபாளையத்தில் பஸ் ஸ்டாண்டுக்கும் மண்டபங்களுக்கும் நடுவில் 10×12 அடி கடை ஒன்று வாடகைக்கு வருதுங்க. வாடகை 8,000, அட்வான்ஸ் 80,000. பரிசுப் பொருள் எதுவும் விற்காமல், ஆட்கள் கொண்டு வரும் சாமானை அழகாகச் சுற்றிக் கொடுக்கும் கடை மட்டும் போடலாம் என்று யோசனை. கையில் 2 லட்சம் இருக்கு. கூட ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம். ஒரு பெட்டிக்கு 40, 50 ரூபாய் கூலி கேட்டால் கொடுப்பார்களா? என்ன பேப்பர், என்ன ரிப்பன், எவ்வளவு சரக்கு வாங்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்க.

கணக்குநோட்டு

சுற்றிக் கொடுக்கும் கூலியை மட்டும் நம்பினால் ஓடாதுங்க. நீங்கள் சொன்ன வாடகையை வைத்தே பார்ப்போம்.

வாடகை 8,000, கரண்ட் 1,000, ஆள் சம்பளம் 10,000, உங்களுக்கு 15,000. மாசம் 34,000. ஒரு பெட்டிக்கு 45 ரூபாய் வாங்கினால் பேப்பர், டேப், ரிப்பன், வீணாவது எல்லாம் சேர்த்து 20 ரூபாய் போய்விடும். மிச்சம் 25. அப்படியென்றால் மாசம் 1,360 பெட்டி, 26 நாள் கடை திறந்தால் நாளுக்கு 52. அதுவும் காலையிலிருந்து பரவலாக வராது. பொழுதோட 5 மணியிலிருந்து 8 மணிக்குள், விசேஷத்துக்குக் கிளம்புகிறவர்கள் ஒட்டுக்கா வந்து நிற்பார்கள். பெட்டிக்கு 7 நிமிஷம் என்றால் மூன்று மணி நேரத்தில் ஒருத்தர் 25 பெட்டிதான் முடிக்க முடியும். ரெண்டு பேரும் மூச்சு விடாமல் செய்தாலும் 50. அதாவது கடை தினமும் நிரம்பி வழிந்தாலும் கணக்கு இடிக்கும்.

இன்னொன்று, நம்ம பக்கம் கல்யாணத்துக்குப் போகிறவர்களில் பாதிக்கு மேல் மொய்க்கவர்தான். சாமான் வாங்குகிறவர்களுக்கு வாங்கின கடையிலேயே ஓசியில் பேப்பர் சுற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். ஓசியில் கிடைப்பதற்கு 45 ரூபாய் கொடுக்க வேண்டுமென்றால், பார்த்தவுடனே வித்தியாசம் தெரிய வேண்டும்.

2 லட்சத்தில் அட்வான்ஸ் போனால் 1,20,000. மேசை, ரேக், லைட், போர்டுக்கு 40,000, சரக்குக்கு 35,000. மிச்சம் 45,000. உங்கள் சம்பளத்தை எடுக்காவிட்டாலும் மாசம் 19,000 செலவு. ரெண்டு மாசம் தாங்கும், மூணாவது மாசம் கைமாற்று. அந்த நேரத்தில் ஆடி வந்தால் சோலி முடிந்தது.

தட்டுவரிசை

மேலே சொன்ன கணக்கு சரி. ஆனால் அதை வைத்து மொத்தத் தொழிலையும் தள்ளிவிட வேண்டாம். காசு பேப்பர் சுற்றுவதில் இல்லை, சீர்த்தட்டில் இருக்கு. நிச்சயதார்த்தம், வளைகாப்பு, தெரட்டிச் சீர் (பூப்புச் சீர்), காது குத்து, புதுமனை புகுவிழா எல்லாவற்றுக்கும் இப்போது தட்டு அலங்காரம் கேட்கிறார்கள். 9, 11, 15, 21 என்று ஒற்றைப்படையில்தான் ஆர்டர் வரும். ஒரு தட்டில் செலவு போக 250 நிற்கும்படி விலை வைத்தால், அதே 34,000-க்கு 136 தட்டு போதும். 11 தட்டு ஆர்டர் மாசத்தில் 12, 13 வந்தால் கடை நிற்கும்.

சிக்கல் என்னவென்றால் அந்த 12 ஆர்டரும் நாலு முகூர்த்தத்தில் வந்து விழும். ஒரே நாளில் நாலு வீடு என்றால் 44 தட்டு. தட்டுக்கு 40 நிமிஷம் வைத்தாலும் 29 மணி நேர வேலை. ரெண்டு பேர் ரெண்டு நாள் உட்கார வேண்டும். அதனால் அலங்காரத்தின் அடிப்பாகத்தை, அதாவது நெட் துணி சுருக்கு, பூ, லேஸ், பெயர் அட்டை வைக்கும் இடம் எல்லாம், ஒரு வாரம் முன்னாலேயே முடித்து அடுக்கிவிட வேண்டும். வாடிப்போகும் சாமான் மட்டும் கடைசி நாள்.

எங்கே கெடும் என்று சொல்கிறேன், இதில்தான் பேர் போகும்.

பழத்தட்டை செலோபேனில் இறுக்கி மூடினால் உள்ளே வேர்த்து, காலையில் பனி படிந்த மாதிரி மங்கிவிடும். பின்பக்கம் பென்சில் முனை அளவுக்கு ஏழெட்டு ஓட்டை போடுங்க. ஆப்பிளையும் வாழைப்பழத்தையும் ஒரே மூடாக்கில் ராத்திரி முழுக்க வைக்கக் கூடாது. ஆப்பிளிலிருந்து வரும் எத்திலீன் வாயு வாழையைப் பழுக்க வைத்துக் கறுத்துப் போகச் செய்யும். கதளி என்றால் இன்னும் வேகம். வாழை தனித் தட்டு, மூடாமல்.

பட்டுப்புடவையை மயில், பொம்மை என்று மடிக்கும்போது குண்டூசியும் ஸ்டேப்ளரும் கூடவே கூடாது. ஓட்டை விழும், ஜரிகை இழுத்துக்கொள்ளும். ரப்பர் பேண்டும் வேண்டாம், வெயிலில் இளகி ஒட்டிக்கொள்ளும். அட்டை மேல் பட்டர் பேப்பர் வைத்து, அரை இன்ச் சாடின் ரிப்பனால் கட்டுங்க. ஹாட் க்ளூ கன்னை புடவைத் தட்டுக்குப் பக்கத்திலேயே கொண்டு போகாதீங்க. ஒரு சொட்டு விழுந்தால் புடவை விலை உங்கள் தலையில். புடவை, நகை வாங்கும்போதே வாடிக்கையாளர் முன்னால் போட்டோ எடுத்து, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்ட சீட்டு வைத்துக்கொள்வது நல்லது. நகையை முடிந்தவரை வாங்காமலே இருங்க. தட்டில் இடம் மட்டும் விட்டுக் கொடுத்தால் போதும்.

சாக்லேட் கோபுரத்துக்கு அட்டைக் கூம்பு. ஒட்ட டபுள் சைடு டேப் மட்டும். க்ளூ கன் சூட்டில் கவரோடு சாக்லேட்டும் இளகும். சித்திரை, வைகாசியில் மத்தியானம் காரில் ஏற்றுகிற ஆர்டர் என்றால் சாக்லேட் தட்டே வேண்டாம் என்று நேராகச் சொல்லிவிடுங்க. கற்கண்டு, பேரீச்சை, முந்திரி வைத்தால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். அதே வெயிலில், நிறுத்தி வைத்த காருக்குள் க்ளூ கன்னால் ஒட்டியதுகூடப் பிரிந்துவிடும். கனமான பூவை ஒட்டாமல் நூலில் கட்டுங்க.

மல்லிகைச் சரத்தை உங்கள் விலைக்குள் சேர்க்கவே சேர்க்காதீங்க. முகூர்த்த நாளில் சத்தியமங்கலம் மார்க்கெட்டில் பூ விலை எங்கே போகும் என்று முந்தின வாரம் யாருக்கும் தெரியாது. "பூ அன்றைய விலை" என்று சீட்டிலேயே எழுதுங்க.

எடுத்துப் போவதும் ஒரு வேலைதான். 11 தட்டை ஒன்றின் மேல் ஒன்று அடுக்க முடியாது. தக்காளி கிரேட்டில் ஒன்றுக்கு ஒரு தட்டு வையுங்க. 12 இன்ச் தட்டு நிம்மதியாக நிற்கும், 14 இன்ச் ஓரம் இடிக்கும். தட்டு வாங்கும்போதே இதை யோசித்து 12-ல் பெரும்பாலும் வாங்குங்க. தட்டை வாடகைக்கு விடுவதானால் எண்ணிக் கொடுத்து, எண்ணி வாங்கி, டெபாசிட் பிடித்து வையுங்க. மண்டபத்தில் பந்தி முடிவதற்குள் ரெண்டு தட்டாவது வேறு வீட்டுச் சாமானோடு போய்விடும்.

அப்பறம் ஒரு விஷயம். இணைச்சீர்க் கூடை, பேழைமூடி எல்லாம் சடங்குச் சாமான். அதில் ரிப்பன் கட்டுகிறேன் என்று போய்விடாதீங்க. கல்யாணச் சீர்களை நடத்தி வைக்கும் அருமைக்காரர் சொல்கிற மாதிரிதான் அது இருக்கும்.

பச்சைமலைக்காரன்

ரொம்ப நன்றிங்க. தட்டு வேலையை யோசிக்கவே இல்லை. அப்படியென்றாலும் பேப்பர் வேலையும் ஓரமாக இருக்கட்டும் என்று நினைக்கிறேன். பேப்பர் எந்த கனம்? ஒரு பெட்டிக்கு எவ்வளவு வெட்டுவது என்று கணக்கு இருக்கா? யூடியூபில் பார்த்துச் செய்தால் ஓரம் மூட்டை மாதிரி புடைக்குது.

அட்டைப்பெட்டி

ஓரம் புடைப்பது பேப்பர் அதிகமாக விடுவதால். அளவு ரொம்ப சுலபம்.

30×20×8 செ.மீ. பெட்டி என்று வைத்துக்கொள்ளுங்க. சுற்றளவு 20+8+20+8 = 56. ஒன்றின் மேல் ஒன்று ஏற 3 செ.மீ. சேர்த்து 59. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் நீளம் 30, அதோடு ரெண்டு ஓரத்துக்கும் உயரத்தில் முக்கால் பங்கு, அதாவது 6+6. மொத்தம் 42. ஆக 59×42. கடைகளில் வரும் 50×70 தாளில் ஒரு தாளே போதும். முழு உயரமும் விட்டால்தான் மடிப்பு மேல் மடிப்பு விழுந்து மூட்டை மாதிரி ஆகுது. வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை சுற்றிப் பார்த்து, நகத்தால் கோடு போட்டு அப்புறம் வெட்டுங்க.

கனம் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வாங்குங்க. 60-ல் மூலை கிழியும், குறிப்பாக எவர்சில்வர் சாமான் போட்ட கனமான பெட்டியில். 120-க்கு மேல் போனால் மடிப்பு நிற்காமல் விரிந்து டேப்பை இழுக்கும். மினுமினுப்பு பேப்பர் கடையில் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் மடித்த இடத்தில் வெள்ளைக்கோடு தெரியும். ஒருமுறை தப்பாக மடித்தால் திருப்ப முடியாது. மேட் பேப்பரில் ஆரம்பிங்க. டேப் 12 மி.மீ. டபுள் சைடு, வெளியே டேப் தெரிந்தால் 45 ரூபாய் கேட்க வாய் வராது. பசை தடவினால் மெல்லிய தாள் சுருங்கும், அது அட்டை வேலைக்கு மட்டும்.

உருண்டையான சாமானில் பேப்பரோடு மல்லுக்கட்ட வேண்டாம். தூக்குப்போசி (தூக்குவாளி) 20 செ.மீ. உயரம், 16 அகலம் என்றால் நெட் துணி ஒரு பக்கம் 20+16+20, மேலே கொத்துக்கு 15+15, மொத்தம் 86 செ.மீ. சதுரம். நடுவில் வைத்துத் தூக்கிக் கட்டினால் ரெண்டு நிமிஷ வேலை. குத்துவிளக்கைக் கழற்றி, துண்டு துண்டாக நெளி அட்டையில் சுற்றி, பெட்டிக்குள் போட்டு அப்புறம் பேப்பர்.

விலைச் சீட்டை ஹேர் ட்ரையரில் சூடு காட்டி உரிங்க. பில்லையும் வாரண்டி கார்டையும் உள்ளே போட்டு மூடிவிடாமல் கவரில் கையில் கொடுங்க, இதை மறந்தால் பிரிக்கச் சொல்வார்கள்.

மேசை 90 செ.மீ. உயரம், நின்று வேலை செய்கிற மாதிரி. உட்கார்ந்து சுற்றினால் இழுப்பு வராது. முன்பக்கம் ஷட்டர் முழுக்கத் திறந்த கடை என்றால் ஆடிக் காற்றில் ஒரு தாளும் மேசையில் நிற்காது, பாதி அடைப்பு போட்டுவிடுங்க.

முதல் சரக்குக்கு 20 டிசைன் வேண்டாம். எட்டு போதும், ஒவ்வொன்றிலும் 50 தாள். கோவை பெரிய கடை வீதியில் மொத்த விலைக்குக் கிடைக்கும். கறுப்பு, அடர்சாம்பல் டிசைன் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீங்க, விசேஷ வீட்டுக்கு யாரும் எடுக்க மாட்டார்கள்.

பனியன்நகர்

விசேஷம் இல்லாத மாசத்துக்கு யாரும் வழி சொல்லவில்லையே. ஆடி, மார்கழியில் முகூர்த்தம் இல்லை, புரட்டாசியிலும் நம்ம பக்கம் பலர் வைப்பதில்லை. புரட்டாசியில் கம்பெனி தீபாவளி ஆர்டர் பிடிங்க. திருப்பூர், பெருந்துறை, ஈரோடு பக்கம் வேலையாட்களுக்கும் வியாபாரப் பார்ட்டிகளுக்கும் பெட்டி கொடுக்காத கம்பெனி குறைவு. அதில் முழுசாகச் சுற்றாதீங்க. 300 பெட்டிக்கு 7 நிமிஷம் என்றால் 35 மணி நேரம், 300 தாள். அதே பெட்டிக்கு நடுவில் 10 செ.மீ. பட்டை மட்டும் போட்டு, கம்பெனி பெயர் ஸ்டிக்கர் ஒட்டினால் 2 நிமிஷம், மொத்தம் 10 மணி நேரம். 50×70 தாளில் அஞ்சு பட்டை வெட்டலாம், 60 தாளில் வேலை முடியும். பார்க்கவும் இதுதான் கம்பெனி லட்சணமாக இருக்கும். ஆனால் பாதிப் பணம் முன்னால் வாங்காமல் ஸ்டிக்கர் அச்சடிக்கக் கொடுக்காதீங்க. தீபாவளிக்கு மறுநாள் அந்தப் பெயர் போட்ட ஸ்டிக்கரை வேறு யார் வாங்குவார்கள்?

பேப்பருக்குப் பதில் துணியிலும் கட்டலாம், ஜப்பானில் ஃபுரோஷிகி என்று சொல்கிற முறை. மேலே சொன்ன அதே பெட்டிக்கு 70 செ.மீ. சதுரம் போதும். துணி நம்ம திருப்பூரில் கிலோ கணக்கில் கிடைக்கும். ஆனால் சிங்கிள் ஜெர்சி என்கிற மெல்லிய பனியன் துணி வாங்கினால் வெட்டின ஓரம் சுருண்டுகொள்ளும். இரட்டைப் பின்னல் போட்ட இன்டர்லாக் வாங்குங்க, தட்டையாக நிற்கும்.

கணக்குநோட்டு

சட்ட விஷயம் ரெண்டு வார்த்தை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க அலங்காரத்துக்குத் தெர்மாகோல் தடை. ஸ்வீட் பாக்ஸ், அழைப்பிதழ் மேல் சுற்றும் பிளாஸ்டிக் படலமும் அதே பட்டியலில் இருக்கு. பழைய வீடியோ பார்த்து தெர்மாகோல் எழுத்து, கூம்பு என்று சரக்கு வாங்கிப் போடாதீங்க. தாம்பூலப் பையும் துணி, சணலில் மட்டும். தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் தூக்குப் பைக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை.

உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு இலவசம், ஆதாரும் பான் கார்டும் இருந்தால் நீங்களே செய்யலாம், இடைத்தரகருக்குக் காசு தண்டம். முந்திரி, பேரீச்சையை நீங்களே பிரித்துப் பொட்டலம் போட்டு விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். வாடிக்கையாளர் கொண்டு வந்ததைத் தட்டில் அடுக்குவது வேறு. ஜிஎஸ்டி வரம்பு சரக்கு மட்டும் விற்றால் வருஷம் 40 லட்சம், கூலி வேலையும் கலந்தால் 20 லட்சம். இப்போதைக்கு உங்களுக்கு ரெண்டும் தூரம்.

பச்சைமலைக்காரன்

அப்போ அந்தக் கடையை எடுக்கலாமா, வேண்டாமா?

தட்டுவரிசை

இப்போ வேண்டாமுங்க. வீட்டில் ஒரு மேசை, 12 இன்ச் தட்டு 22, தக்காளி கிரேட் 11, சரக்கு 15,000-க்கு. ஆவணியிலும் ஐப்பசியிலும் எத்தனை ஆர்டர் வருது என்று பாருங்க. மண்டபத்து மேனேஜர்கள், சமையல்காரர்கள், பூக்காரர்கள்கிட்ட போட்டோ ஆல்பம் கொடுத்து வையுங்க, ஆர்டர் அவங்க வழியாகத்தான் வரும். மாசத்துக்கு எட்டு ஆர்டர் தாண்டினால் தை மாசத்துக்கு முன்னால் கடை எடுங்க, அதுவும் அட்வான்ஸை 50,000-க்குக் குறைத்துப் பேசி.