வரையறை எரிப்பு, வளர்பருவம், அடைக்காலம்: காட்டு வான்கோழிக் கட்டுரைக்கான சொற்கள் குறித்து

அன்பின் குழுமத்தாருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் பைன் காடுகளைப் பேணுவதற்காக வனத்துறையினரும் நில உடைமையாளர்களும் தாமே வைக்கும் தீயைக் குறிக்க இவ்விழையில் மூன்று சொற்கள் முன்மொழியப்பட்டுள்ளன. அவற்றுள் 'எரியூட்டல்' என்பதை உடனே விலக்கிவிடலாம். நாளிதழ் படிக்கும் எவருக்கும் அது மயானத்தையே நினைவூட்டும். 'திட்டமிட்ட எரிப்பு' பொருளளவில் பிழையற்றதுதான் என்றாலும், 'திட்டமிட்டுத் தீ வைத்தனர்' என்ற தொடர் நம் செய்தி நடையில் குற்றவழக்குக்கு உரியதாகிவிட்டதால், காட்டின் நலனுக்காகச் செய்யப்படும் ஒரு பணிக்கு அந்த அடைமொழி சதியின் வாடையை ஏற்றிவிடுகிறது. 'கட்டுப்பாட்டு எரிப்பு' என்பதில் எனக்குப் பெரிய மறுப்பில்லை. ஆனால், 'prescribed burn' என்ற ஆங்கில மூலச் சொல்லின் உயிரான எழுத்து ஆவணம் அதில் இல்லை.

1990இல் ஃபுளோரிடா மாநிலம் இயற்றிய சட்டத்தின்படி, சான்றிதழ் பெற்ற எரிப்பு மேலாளர் தீயைப் பற்றவைக்கும் முன்னரே எழுத்து வடிவிலான ஒரு குறிப்பைத் தயாரித்திருக்க வேண்டும். எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் காற்று வீசினால் தீ வைக்கலாம், காற்றின் ஈரப்பதம் எந்த அளவுக்குள் இருக்க வேண்டும், தரையில் கிடக்கும் சருகு எவ்வளவு காய்ந்திருக்க வேண்டும், புகை எங்கே போய்ச் சேரும், இந்த எரிப்பால் அடைய நினைப்பது என்ன என்பன போன்றவை அத்தகைய குறிப்பில் இடம்பெறும். அன்றைய வானிலை அந்த எல்லைகளுக்கு வெளியே போய்விட்டால் தீ வைப்பதில்லை. ஆகவே அந்த ஆவணத்தை 'எரிப்பு வரையறை' என்றும், அதன்படி வைக்கும் தீயை 'வரையறை எரிப்பு' என்றும் வழங்கலாம் என்பது என் முன்மொழிவு. பெயரும் வினையும் ஒரே வேரில் நிற்பதால், 'வரையறைக்குள் அடங்காத நாள்' என்று களப்பணியாளர் பேசவும் இது வசதியாக இருக்கும்.

> பருவத்தைக் குறிக்க, கோடை எரிப்பு, குளிர்கால எரிப்பு என்று எளிதாகச் சொல்லிவிடலாமே?

எளிமை உண்டு, ஆனால் 'கோடை' என்றதும் தமிழ் வாசகர் மனத்தில் எழுவது காய்ந்த புல்லும் வறண்ட ஓடையும் சித்திரை வெயிலும். ஜார்ஜியாவிலும் ஃபுளோரிடாவிலும் மே முதல் ஜூலை வரையிலான காலம் அப்படிப்பட்டதன்று. செடிகொடிகள் துளிர்த்துச் சாறேறி நிற்கும். காற்று புழுக்கமாக இருக்கும். இடிமழை அடிக்கடி வரும். மின்னல் விழுந்து இயற்கையாகக் காடு பற்றிக்கொள்வதும் பெரும்பாலும் அந்தப் பருவத்தில்தான். பச்சை மிகுந்திருப்பதால் அப்போது வைக்கும் தீ பல இடங்களில் திட்டுத் திட்டாக எரிந்து நிற்கும். 'கோடை எரிப்பு' என்று எழுதினால், ஆண்டின் மிக உலர்ந்த நாள்களில் வைக்கும் உக்கிரமான தீ என்றே நம்மவர் புரிந்துகொள்வர். எனவே செடியின் நிலையைக் கொண்டு 'வளர்பருவ எரிப்பு' என்றும், இலையுதிர்ந்த மரங்கள் ஓய்ந்திருக்கும் டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரையிலான எரிப்பை 'ஓய்வுப்பருவ எரிப்பு' என்றும் பிரிப்பதே சரி. கம்பிப்புல் என்று நாம் அழைக்கக்கூடிய அந்நிலத்துப் புல் வளர்பருவத்தில் எரிந்தால்தான் செழித்துப் பூக்கும் என்பதும், அகன்ற இலை மரக்கன்றுகள் வேரில் சேமிப்புடன் இருக்கும் குளிர்காலத்தில் எரித்தால் மீண்டும் எளிதாகத் துளிர்த்துவிடும் என்பதும் இந்தப் பகுப்புக்கு உயிரியல் அடிப்படை தருகின்றன.

> வான்கோழி முட்டையிடும் மாதங்களில் வைக்கும் தீக்குக் 'கூடழி எரிப்பு' என்று தனிச்சொல் வேண்டும்.

இங்கேதான் நான் உறுதியாக மாறுபடுகிறேன். ஒரு கலைச்சொல் தீர்ப்பைத் தன்னுள் சுமந்து வரக் கூடாது. அதுவும் இந்தத் தீர்ப்பு ஆய்வாளர்களிடையே இன்னும் விவாதத்தில் இருக்கும் ஒன்று. காட்டு வான்கோழி தரையில் சிறு பள்ளம் பறித்து, நாளொன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பத்துப் பன்னிரண்டு முட்டையிட்டு, ஏறக்குறைய 28 நாள் அடைகாக்கிறது. தெற்கு மாநிலங்களில் இது ஏப்ரலில் தொடங்கி ஜூன் வரை நீள்வதால் வளர்பருவத்தின் முற்பகுதியோடு நேராக மோதுகிறது. அடையில் இருக்கும் கூட்டின்மேல் தீ சென்றால் முட்டை பிழைக்காது என்பதில் ஐயமில்லை. இந்த அச்சத்தாலேயே காடை, வான்கோழி வேட்டைக்காக நிலம் பேணியவர்கள் நெடுங்காலம் மார்ச்சோடு எரிப்பை முடித்துக்கொண்டனர். ஆயினும் வட கரோலினாவின் ஃபோர்ட் பிராக் ராணுவ நிலத்தில், அருகிவந்த மரங்கொத்தி இனம் ஒன்றுக்காக மூன்றாண்டுக்கு ஒருமுறை வளர்பருவத்தில் எரிக்கப்படும் காட்டில் வான்கோழிப் பெட்டைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, கூடுகளில் மிகச் சிறு பங்கே தீயால் அழிந்தது தெரியவந்தது. கூடுகளுள் பெரும்பாலானவை தோற்பது உண்மை. அதற்கு முதன்மைக் காரணம் ரக்கூன், பாம்பு, காகம் முதலிய கொன்றுண்ணிகளும் முட்டைத் திருடர்களுமே. முதல் கூட்டை இழந்த பெட்டை பல நேரங்களில் மறுபடியும் முட்டையிடுகிறது. ஆனால் அடைகாப்பு முற்றிய பிறகு இழந்தால் அந்த வாய்ப்புக் குறைகிறது.

மறுபக்கமும் உண்டு. எரிந்த தரையில் சில வாரங்களுக்குள் எழும் இளந்தளிரும் அதை மொய்க்கும் பூச்சிகளும்தான் குஞ்சுகளுக்கு உணவு; முதல் பதினைந்து நாளில் ஒரு குஞ்சு உயிரோடிருப்பதும் இல்லாததும் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த செடித்திரையைப் பொறுத்தது. பெட்டை முட்டையிடத் தேடுவதோ சற்று அடர்ந்த புதரை. எரிக்காமலே விட்ட காட்டில் புதர் உயர்ந்து அகல இலை மரங்கள் அடைத்துக்கொண்டால் இரண்டுக்கும் இடமில்லாமல் போகும். ஆகவே தீ எந்த மாதத்தில் வைக்கப்பட்டது என்பதோடு, ஒரே சமயத்தில் எவ்வளவு பரப்பு எரிந்தது, அண்டையில் எரியாத புதர் மிஞ்சியதா, இரு எரிப்புகளுக்கு நடுவே எத்தனை ஆண்டு சென்றது என்பவையும் கணக்கில் வர வேண்டும். கடைசியில் சொன்னதற்கு 'எரியிடைவெளி' பொருந்தும். தனிச்சொல்லாக எனக்கு வேண்டுவது 'அடைக்காலம்' ஒன்றே. 'கூடுகட்டும் காலம்' என்றால் கிளையில் குச்சி அடுக்கும் பறவை நினைவுக்கு வரும்; இப்பறவை எதையும் கட்டுவதில்லை. சில வட்டாரங்களில் 'அவயம்' என்பார்கள், அழகான சொல், ஆனால் பிற இடங்களில் விளங்காது. 'வளர்பருவ எரிப்பு அடைக்காலத்தோடு மேற்பொருந்துகிறது' என்று எழுதினால் உண்மை மட்டும் சொல்லப்படும். கேடு எவ்வளவு என்பதைக் கட்டுரை சொல்லட்டும்.

இன்னும் முடிவாகாதது ஒன்று. காற்றுக்கு எதிராக மெல்ல நகரும்படி வைக்கும் தீக்கு 'எதிர்த்தீ' என்ற பெயர் தரப்பட்டுள்ளது. நம் வனப் பணியாளர் பரவிவரும் காட்டுத்தீயை மடக்க எதிரே வைக்கும் தீயை அப்படித்தான் அழைக்கிறார்கள் என்பதால் அது குழப்பும். 'காற்றெதிர்த் தீ', 'காற்றுடன்தீ' என்ற இணையை முன்வைக்கிறேன். நிலத்தை நாற்புறமும் சூழப் பற்றவைக்கும் முறைக்கு 'வளையத்தீ' போதும். இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள் இருக்கும் வாரங்களில் அந்த முறையைத் தவிர்க்க வேண்டும் என்ற குறிப்பையும் அகரமுதலிப் பதிவிலேயே சேர்த்துவிடலாம்.

அன்புடன்.