தாத்தாவின் மூன்று கோப்புகள்

குழு: வடக்குத் தெரு வீடு

பெரியப்பா: அச்சகத்தில் வெள்ளிக்கிழமைக்குள் கேட்கிறார்கள். அப்பாவின் முதலாண்டு நினைவு மலர் வர வேண்டுமா, வேண்டாமா? செந்தில், சிடியில் இருந்ததை எடுத்தாயா?

செந்தில்: எடுத்துவிட்டேன் பெரியப்பா. மூன்று கோப்பு. ‘பாட்டு’ நன்றாகத் தெரிகிறது. ‘வரலாறு’ பூச்சி பூச்சியாக வருகிறது. ‘வயல்’ முழுக்க ஆங்கில எழுத்து, அர்த்தமே இல்லை.

மீனா அத்தை: எந்த சிடி? பாலு கல்யாண சிடியா?

பாலு சித்தப்பா: அதைத் தொலைத்தது நீதான் அக்கா

மீனா அத்தை: நானா!!

பெரியப்பா: விஷயத்துக்கு வாருங்கள். செந்தில், தமிழிலேயே சொல். குழு விதி தெரியும்தானே.

செந்தில்: சரி. டெர்மினலில், அதாவது கட்டளை தட்டும் திரையில், ‘ஃபைல்’ என்று தட்டி, ஒரு கோடு, சிறிய ‘ஐ’, அப்புறம் கோப்பின் பெயர். உள்ளே எழுத்துகளுக்குப் பதிலாக இருக்கும் எண்களை, அதாவது பைட்டுகளைப் பார்த்து, எந்தக் குறியாக்கம் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற அட்டவணை) என்று ஊகித்துச் சொல்லும். ஊகம்தான், சத்தியம் இல்லை. ‘பாட்டு’ யூடிஎஃப் 8, அதாவது இன்றைய யூனிகோடு, என்றது. அதை நம்பலாம், அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், முதல் பைட் 224. தற்செயலாக அப்படி அமையாது. ‘வரலாறு’ கோப்புக்கு ‘தெரியாத 8 பிட்’ என்று கையை விரித்துவிட்டது.

கவிதா: அண்ணா, என் மேக்கில் வெறும் ‘ரெகுலர் ஃபைல்’ என்றுதான் வருகிறது

செந்தில்: அங்கே பெரிய ‘ஐ’ போடு.

கவிதா: 👍

மீனா அத்தை: பாட்டு என்றால் அம்மா பாடும் தாலாட்டா?

பாலு சித்தப்பா: எனக்குப் பாடியது

மீனா அத்தை: எனக்குப் பாடியது. நீ அழுதுகொண்டே இருப்பாய்.

செந்தில்: தாத்தா யூனிகோடுக்கு மாறும் முன்னால் திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் தட்டச்சு செய்தவர். அதனால் ‘வரலாறு’ கோப்பை, குறியாக்கம் மாற்றும் ‘ஐகான்வ்’ கட்டளையில், திஸ்கியிலிருந்து யூடிஎஃப் 8 என்று சொல்லி, வேறு பெயரில் சேமித்தேன். மூலத்தைத் தொடவில்லை. முதல் வரியே ‘ஸ்ரீ’ என்று வந்தது! திஸ்கியில் ஸ்ரீ, ஜ, ஷ எல்லாம் 128-க்கும் 159-க்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். அந்த இடத்து எண்கள் இருந்ததால்தான் ‘ஃபைல்’ குழம்பியது. அவை இல்லையென்றால் ஐரோப்பியக் கோப்பு, லத்தீன் 1 என்று துணிந்து பொய் சொல்லியிருக்கும். அதை நம்பி ஐகான்விடம் லத்தீன் 1 என்று சொன்னால், அதுவும் மறுபேச்சில்லாமல் குப்பையை மாற்றிக் கொடுக்கும். கண்ணால் படித்துப் பார்த்தால்தான் உறுதி.

பெரியப்பா: கிரந்தம் வேண்டாம் என்று நாற்பது வருடம் சொன்னேன். அப்பா கேட்கவில்லை.

பாலு சித்தப்பா: அந்தக் கிரந்தம்தான் இப்போது காட்டிக்கொடுத்தது அண்ணே 😄

பெரியப்பா: வரலாறு எத்தனை பக்கம்?

செந்தில்: பதினொன்று. ‘வயல்’தான் சிக்கல். அதை ‘ஃபைல்’ சாதாரண ஆஸ்கி, வெறும் ஆங்கில எழுத்து, என்கிறது. அது பொய்யும் இல்லை. பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். அதில் ஆங்கில எழுத்தின் மேல்தான் தமிழ் முகமூடி. எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தால் ‘அம்மா’. எந்தக் கட்டளையும் அதைத் தமிழ் என்று கண்டுபிடிக்காது. ஐகான்வுக்கும் பாமினி தெரியாது. அதை மாற்றும் நிரல் ஒன்றைத் தனியாகத் தேட வேண்டும்.

கவிதா: முதல் வார்த்தை என்ன?

செந்தில்: அதுதான். ‘அம்மா’. அடுத்தது விரல்விட்டுப் படித்தேன், ‘பெயரில்’.

மீனா அத்தை: அம்மா பெயரில் என்ன?

பெரியப்பா: அது மலருக்கு வேண்டாம். வரலாறும் பாட்டும் போதும்.

மீனா அத்தை: ஏன் அண்ணே? மாற்றித்தான் பார்க்கட்டுமே.

பாலு சித்தப்பா: எந்த வயல், கிணற்றடியா மேட்டுக்காடா

மீனா அத்தை: செந்தில், எனக்குத் தனியாக அனுப்பு.

பெரியப்பா: யாருக்கும் தனியாக அனுப்ப வேண்டாம்.

செந்தில்: 🙏 முதலில் அச்சகத்துக்கு இரண்டையும் அனுப்புகிறேன். அவர்கள் கணினியில் யூனிகோடு திறக்குமா என்று யாராவது கேட்டீர்களா?

கவிதா: 😬

பாலு சித்தப்பா: ஞாயிறு நேரில் பேசிக்கொள்ளலாம். வாழையிலை யார் சொல்வது?