கடலோர வீட்டு ஏசி: திரும்பவும் கேஸ் அடிப்பதா, மாற்றுவதா?

கேள்வி (கல்லடி):
எங்கள் வீடு கடலிலிருந்து 200 மீட்டர்தான். அம்மாவின் அறையில் 12,000 பிடியு (குளிரூட்டும் திறன் அளவு) ஏசி, அதில் குளிரூட்டுவது ஆர்22 கேஸ். இந்த வருடம் இரண்டு தரம் கேஸ் அடித்தாயிற்று. மூன்றே வாரத்தில் குளிர் போய், உள் காயிலில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருளில்) ஐஸ் கட்டுகிறது. கச்சான் வெக்கைக் காற்றும் தொடங்கிவிட்டது. அம்மாவுக்கு 78 வயது, இரவெல்லாம் புரண்டுகொண்டே கிடக்கிறார். என்ன செய்யலாம்?

பதில் (கல்முனை):
தம்பி, நான் ஏசி வேலைதான் செய்கிறேன். கேஸ் பெற்றோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. குறைகிறதென்றால் எங்கோ ஒழுக்கு. அதை அடைக்காமல் கேஸ் அடித்தவர் உங்கள் காசைக் காற்றில் விட்டிருக்கிறார், கேட்கவே மனம் பதறுகிறது. நைதரசன் ஏற்றி, மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டில் ஒழுக்கென்றால் ஒட்டலாம். வெளி யூனிட் காயிலை உப்பு தின்றிருந்தால் அந்த ஏசியையே விட்டுவிடுங்கள். ஆர்22, ஓசோன் படலத்தைக் காக்கும் மொன்றியல் உடன்படிக்கையின்படி கைவிடப்படுகிற கேஸ். அதற்குப் பதிலாக ஆர்410ஏ என்ற கேஸை அடிக்க யாரையும் விடாதீர்கள். அதன் அழுத்தம் ஏறக்குறைய 60 சதவீதம் கூட, பழைய மெஷின் தாங்காது.

கல்லடி:
இப்போதுதான் பார்த்தேன் அண்ணன். காயில் தகடு தொட்டாலே மாவாக உதிர்கிறது.

பதில் (அக்கரைப்பற்று):
அப்போ மாற்றுங்கள். ஆர்32 கேஸ் உள்ள இன்வெர்ட்டர் ஏசி, காயிலுக்குத் துருத்தடுப்புப் பூச்சு உள்ளதாகக் கேளுங்கள். வெளி யூனிட்டைக் கடல் பார்க்காத சுவரில் மாட்டுங்கள். மாதம் ஒரு தரம் மெயினை நிறுத்திவிட்டு நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். பில்டரை இரண்டு வாரத்துக்கொரு தரம் கழுவினால் போதும். அம்மாவுக்கு 26 பாகையும் மெதுவான மின்விசிறியும் வையுங்கள், நன்றாகத் தூங்குவார்.